நிமிர்த்த வந்த கைகள்: வளைந்த முதுகு, மாதவிடாய் வலி, 2,400 வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை நீக்கி, வாசிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு நாம பேசப்போறது முதுகைப் பத்தி. குறிப்பா, வளைஞ்ச முதுகு இருக்கிற இளம்பெண்களைப் பத்தி. அந்த முதுகு மேல இத்தனை நூற்றாண்டா யார் யார் கை வச்சாங்க, எதை நம்பி வச்சாங்க, அதுல எது பலிச்சது, எது பலிக்கலை? இதுதான் கதை.

ஏன் இப்போ இந்த டாபிக்? உங்க ஃபோன்ல இந்த ரீல்ஸ் கண்டிப்பா வந்திருக்கும். ஒரு பொண்ணு மேஜையில படுத்திருப்பாங்க. ஒருத்தர் இடுப்பைத் திருப்பி ஒரு அழுத்து அழுத்துவார். பக்கத்துலயே மைக் வச்சு, அந்த ‘டக்’ சத்தத்தைத் துல்லியமா பதிவு பண்ணியிருப்பாங்க. கீழே ரெண்டு வாக்குறுதி இருக்கும். ஸ்கோலியோசிஸ் சரியாகும். பீரியட்ஸ் வலியும் போகும்.

ஒரே அழுத்துல ரெண்டு பிரச்சினை தீரும்னா யாருக்குத்தான் ஆசை வராது? ஆனா இந்த ரெண்டு வாக்குறுதியும் ரீல்ஸ்ல பிறந்ததில்லை. ரெண்டுக்கும் தனித்தனி வரலாறு இருக்கு. நடுவுல சில இடங்கள்ல ரெண்டும் சந்திக்குது. அந்த இடங்களுக்குத்தான் இப்போ போகப்போறோம்.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். பின்னாடியிருந்து பார்த்தா முதுகெலும்பு நேரா இருக்கணும். அது பக்கவாட்டுல வளைஞ்சு, எக்ஸ்ரேல அளந்தா 10 டிகிரியோ அதுக்கு மேலயோ இருந்தா அதுக்குப் பேர் ஸ்கோலியோசிஸ். ‘கோணல்’ என்கிற அர்த்தமுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பேர். வளரும் வயசுப் பிள்ளைகள்ல 100 பேருக்கு ரெண்டு மூணு பேர்கிட்ட இது இருக்கு. பெரும்பாலானவங்களுக்கு இன்ன காரணம்னு சொல்ல முடியாது. சின்ன வளைவுகள் பையன்கள், பொண்ணுங்க ரெண்டு பேர்கிட்டயும் கிட்டத்தட்ட சமமா இருக்கும். ஆனா வளைவு பெருசாகப் பெருசாக, பொண்ணுங்களோட எண்ணிக்கை பல மடங்கு கூடிடும். ஏன் என்கிற கேள்வியை ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில அங்கேதான் வந்து நிற்கப்போறோம்.

ஏணியும் பலகையும்

நம்ம கதை பண்டைய கிரேக்கத்துல ஆரம்பிக்குது. ஹிப்போகிரட்டீஸ் பேரில் வழங்கும் மருத்துவ நூல்கள்ல ‘மூட்டுகள்’ பற்றி ஒரு நூல் இருக்கு. அதுல கூன் முதுகை நிமிர்த்த ஒரு முறை சொல்லப்படுது. நோயாளியை ஒரு ஏணியோட சேர்த்துக் கட்டணும். கோபுரம் மாதிரி உயரமான இடத்துக்கு அந்த ஏணியைக் கயிறு போட்டு இழுக்கணும். அப்புறம் டப்புன்னு கீழே விடணும். அந்த அதிர்ச்சியில முதுகு நேராகும்னு நம்பிக்கை.

கேட்கவே பயமா இருக்கு, இல்லையா? ஆனா சுவாரஸ்யமே அதை எழுதினவரோட தொனியிலதான் இருக்கு. இந்த முறையால ஒருத்தர் முதுகும் நேரானதா தனக்குத் தெரியலைன்னு அவரே சொல்றார். கூட்டத்தை வாய்பிளக்க வைக்க ஆசைப்படுற வைத்தியர்கள்தான் இதைப் பண்றாங்க, ஒரு மனுஷனை இப்படித் தொங்கவிட்டா கூட்டம் அதைப் பத்தியே பேசும், முடிவு என்ன ஆச்சுன்னு யாரும் கேட்கமாட்டாங்கன்னு கிண்டல் பண்றார். 2,400 வருஷத்துக்கு முன்னாடி எழுதப்பட்ட ரீல்ஸ் விமர்சனம்னே இதைச் சொல்லலாம்.

அவர் கொஞ்சம் மதிச்ச முறை வேற. நோயாளியைப் பலகையில குப்புறப் படுக்கவச்சு, தலைப்பக்கமும் கால்பக்கமும் வாரால இழுத்துக்கிட்டே, புடைச்ச இடத்தை வைத்தியர் உள்ளங்கையால அழுத்தணும். தேவைப்பட்டா அது மேல உட்காரலாம், காலால மிதிக்கவும் செய்யலாம். நீட்டி இழு, புடைச்ச இடத்தை அழுத்து. இந்த ரெண்டு வரி யோசனைதான் அடுத்த ரெண்டாயிரம் வருஷத்துக்கு முதுகு வைத்தியத்தோட அடிப்படை.

அழுத்த யோசனையோட இன்னொரு வடிவம் உடுப்பு. 16-ம் நூற்றாண்டுல பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரே, வளைஞ்ச முதுகுள்ளவங்களுக்கு இரும்புத் தகட்டுல சட்டை செய்யச் சொன்னார். எடை குறையத் தகட்டுல ஓட்டை போடுவாங்க. செஞ்சு கொடுத்தது போர்க்கவசம் செய்யும் கொல்லர்கள். 1741-ல பாரிஸ்ல நிக்கோலா ஆண்ட்ரி, 80 வயசைத் தாண்டின பிறகு, ஒரு புத்தகம் வெளியிட்டார். எலும்பு மருத்துவத்துக்கு ‘ஆர்த்தோபீடிக்ஸ்’ என்கிற பேரே அதுலேருந்துதான் வந்தது. நேர் என்பதற்கும் குழந்தை என்பதற்கும் உள்ள கிரேக்கச் சொற்களை ஒட்டவச்சு அவர் உருவாக்கின பேர். அந்தப் புத்தகத்துல வளைஞ்ச ஒரு இளமரத்தை நேரான கம்போட கயிறு சுத்திக் கட்டிவச்ச படம் இருக்கும். இன்னைக்கும் பல நாட்டு எலும்பு மருத்துவர் சங்கங்களோட சின்னம் அதுதான்.

அழகான படம்தான். ஆனா மரம் எதுவும் பேசாது. கயிறு இறுக்குதா, மூச்சு முட்டுதான்னு அதுகிட்ட யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு புவியியலாளரின் முதுகெலும்பு

வெளியேருந்து அழுத்தினா ஏன் நேராகலை? இதுக்கான பதில் ரொம்ப லேட்டா, எதிர்பாராத ஒரு இடத்துலேருந்து வந்தது.

இகுவானோடான் என்கிற டைனோசரை உலகத்துக்கு அறிமுகப்படுத்தின ஆங்கிலேயர் கிடியன் மான்டெல் 1852-ல இறந்தார். கடைசிக் காலத்துல கடுமையான முதுகுவலியில இருந்தவர். இறந்த பிறகு உடலைப் பரிசோதிச்சதுல, முதுகெலும்பு பயங்கரமா வளைஞ்சிருக்கிறது தெரிஞ்சது. அதை ஆராய்ந்த லண்டன் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் முக்கியமான ஒண்ணைக் கவனிச்சார். எலும்புகள் பக்கவாட்டுல சாய்ஞ்சது மட்டுமில்ல, ஒவ்வொண்ணும் தன் அச்சுல திருகியும் இருந்தது. முதுகெலும்பு திருகினா, அதோட சேர்ந்த விலா எலும்புகளும் திரும்பும். வெளியே தெரியுற புடைப்பு அந்த விலா எலும்புகள்தான்.

அதாவது நாம பார்க்கிற ‘கூன்’, உள்ளே நடக்கிற முப்பரிமாணத் திருகலோட வெளி நிழல். நிழலை அழுத்தினா பொருள் நேராகுமா? 1865-ல வெளிவந்த தன் புத்தகத்துல ஆடம்ஸ் ஒரு எளிய சோதனையையும் சொன்னார். குனியச் சொல்லிப் பின்னாடியிருந்து பாருங்க, ஒரு பக்கம் மேடா தெரிஞ்சா கவனிக்கணும். பள்ளிகள்ல இன்னைக்கும் பண்ற குனிந்து பார்க்கும் சோதனை அதுதான்.

ஸ்டாக்ஹோமில் ஒரு பள்ளி, லண்டனில் நாலு பெண்கள்

இதுக்கிடையில ஸ்வீடன்ல வேறொரு மரபு கிளம்பியிருந்தது. 1813-ல பெர் ஹென்ரிக் லிங் ஸ்டாக்ஹோம்ல அரசு உடற்பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். உடம்பின் அசைவே மருந்து என்பது அவரோட கொள்கை. நோயாளி தானா செய்ற அசைவுகள், பயிற்சியாளர் கையால செய்விக்கிற அசைவுகள், ரெண்டையும் வகைப்படுத்திப் பாடமாக்கினாங்க. இன்னைய பிசியோதெரபியோட முன்னோர்கள்ல இதுக்கு முக்கிய இடம் உண்டு.

பீரியட்ஸ் பிரச்சினைகள் இந்தக் கதைக்குள்ள நுழையுறதும் இங்கேதான். லிங் மரபுல பயிற்சி பெற்ற ராணுவ அதிகாரி தூரே பிராண்ட், 1860-கள்லேருந்து பெண்களுக்கு இடுப்புக்குழி மசாஜ் செய்ய ஆரம்பிச்சார். ஒரு கை வயிற்றின் மேல, இன்னொரு கையின் விரல் உடலுக்குள்ள. கர்ப்பப்பை இடம் மாறியிருக்கு, ஒட்டிக்கிட்டிருக்கு, அதைக் கையால சரியான இடத்துக்குக் கொண்டுவரலாம் என்பது நம்பிக்கை. அவர் மருத்துவர் இல்லை. ஆனாலும் 1880-கள்ல ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர்கள் இதைக் கத்துக்கிட்டாங்க. கொஞ்ச காலம் ஐரோப்பா முழுக்கப் பரவி, அப்புறம் மங்கிடுச்சு. இதைப் பத்தி நமக்குக் கிடைக்கிற எழுத்தெல்லாம் பெரும்பாலும் கை வச்சவங்க எழுதினது. மேஜையில படுத்திருந்த பெண்கள் என்ன நினைச்சாங்கன்னு தெரிஞ்சுக்க அதுல வழி குறைவு.

கை வைக்கிற தொழில்ல நம்பிக்கை எவ்வளவு பெரிய விஷயம்னு காட்டுற சம்பவம் 1894-ல லண்டன்ல நடந்தது. மசாஜ் நிலையங்கள் என்கிற பேர்ல பாலியல் தொழில் நடக்குதுன்னு பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எழுதினது பெரிய பரபரப்பாச்சு. ஒழுங்கா இந்த வேலையைச் செஞ்சுக்கிட்டிருந்த பெண்கள் மேலயும் சந்தேகம் விழுந்தது. நர்ஸாவும் மருத்துவச்சியாவும் பயிற்சி பெற்ற நாலு பெண்கள், லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர், சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. பரீட்சை வச்சாங்க. விதிகளும் போட்டாங்க: மருத்துவர் சொல்லாம யாருக்கும் மசாஜ் கூடாது, நோயாளிக்கு மருந்து விற்கக் கூடாது, பொதுப் பத்திரிகைகள்ல விளம்பரம் கூடாது. பிரிட்டனோட பிசியோதெரபி சங்கம் அங்கேருந்து வளர்ந்ததுதான். விளம்பரம் கூடாதுன்னு ஒரு விதி போட்டாங்க பாருங்க, அதை இன்னைய இன்ஸ்டாகிராமோட பக்கத்துல வச்சுப் பார்த்தா சிரிப்பா வருது.

மோஷர்: வலியைப் பதிவு செய்தவர்

இப்போ அமெரிக்கா போவோம். ஏன் அங்கே? பீரியட்ஸ் வலி அங்கே ஒரு அரசியல் ஆயுதமா மாறியிருந்தது. 1873-ல ஹார்வர்டுல இருந்த மருத்துவர் எட்வர்ட் கிளார்க் ஒரு புத்தகம் எழுதினார். பருவ வயசுல பொண்ணுங்க பையன்கள் மாதிரி தீவிரமாப் படிச்சா, ரத்தமும் சக்தியும் மூளைக்குப் போய் இனப்பெருக்க உறுப்புகள் பாழாகும் என்பது அவரோட வாதம். மாதாமாதம் வலிக்குதே, அதுவே ஆதாரம் என்கிற மாதிரி. பெண்களுக்குக் கல்லூரி வேண்டாம்னு சொன்னவங்களுக்கு இது ரொம்ப வசதியாப் போச்சு.

இதுக்கு டேட்டாவால பதில் சொன்னவங்க ரெண்டு பேர். முதல் ஆள் நியூயார்க் மருத்துவர் மேரி புட்னம் ஜகோபி. 268 பெண்கள்கிட்ட விவரம் சேகரிச்சு, மாதவிடாய்க் காலத்துல ஓய்வு கட்டாயம் என்கிறதுக்கு ஆதாரம் இல்லைன்னு எழுதினார். அந்தக் கட்டுரைக்கு 1876-ல ஹார்வர்டே பரிசு கொடுத்தது!

ரெண்டாவது ஆள்தான் நம்ம கதைக்கு முக்கியம். பேர் கிளீலியா மோஷர், 1863-ல பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டுல படிக்கும்போது அவர் எடுத்துக்கிட்ட கேள்வி மூச்சு. ஆண்கள் வயிற்றால மூச்சு விடுறாங்க, பெண்கள் நெஞ்சால மட்டும் விடுறாங்க, அது இயற்கை, கர்ப்பத்துக்காக அப்படி அமைஞ்சிருக்குன்னு அன்னைய பாடப்புத்தகங்கள் சொல்லின. மோஷர் அளந்து பார்த்தார். வித்தியாசம் உடம்புல இல்லை, உடுப்புல. கார்செட் போட்டு இடுப்பை இறுக்கிக் கட்டினா வயிறு எப்படி அசையும்? கார்செட்டைக் கழட்டினா பெண்களும் வயிற்றால நல்லாவே மூச்சு விடுறாங்க.

அப்புறம் அவர் ஸ்டான்ஃபோர்டு மாணவிகள்கிட்ட மாதாமாதம் பீரியட்ஸ் குறிப்பு எழுதவச்சார். பிறகு ஞாபகப்படுத்திச் சொல்றது இல்ல, நடக்கும்போதே எழுதுறது. இன்னைக்கு உங்க ஃபோன்ல இருக்கிற பீரியட் டிராக்கர் ஆப், அதோட பேப்பர் வடிவம். வருஷக்கணக்கா சேர்ந்த அந்தக் குறிப்புகளை வச்சு அவர் வந்த முடிவு: பலருக்கு வலி தவிர்க்க முடியாத விதி இல்லை. இறுக்கமான உடுப்பு, கனமான பாவாடை, அசைவில்லாத வாழ்க்கை, வலிக்கும்னு சின்ன வயசுலேருந்து சொல்லி வளர்க்கிற பயம், இதெல்லாம் சேர்ந்துதான் கூட்டுது.

அவர் கத்துக்கொடுத்த பயிற்சி ரொம்ப எளிமை. இறுக்கமான உடுப்பைத் தளர்த்திட்டு மல்லாந்து படு. முழங்காலை மடக்கு. ஒரு கையை வயிற்று மேல வை. மூச்சோட சேர்த்து வயிற்றை எவ்வளவு உயர்த்த முடியுமோ உயர்த்து, அப்புறம் தசையை இறுக்கி உள்ளே இழு. காலையும் இரவும் 10 தடவை. மாணவிகள் இதுக்கு ‘மோஷர்ஸ்’னே பேர் வச்சுட்டாங்க. அதைப் பத்தின அவரோட கட்டுரை 1914-ல அமெரிக்க மருத்துவச் சங்க இதழ்ல வந்தது.

கவனிங்க, வயிற்று மேல இருக்கிற கை யாரோடது? அந்தப் பொண்ணோடதேதான்.

பந்தும் கண்ணாடியும்

மூச்சைப் பிடிச்சுக்கிட்டே ஜெர்மனிக்கு வாங்க. அங்கே இன்னொரு பொண்ணு, மோஷரோட எந்தத் தொடர்பும் இல்லாம, முதுகுக்காக அதே மூச்சைத் தேடிப் போனார்.

காத்தரீனா ஷ்ரோத், 1894-ல டிரெஸ்டன்ல பிறந்தவர். அவருக்கே ஸ்கோலியோசிஸ் இருந்தது. 16 வயசுல எஃகு பிரேஸ் மாட்டினாங்க. ஆண்ட்ரி படத்துல இருந்த மரம் மாதிரி. வித்தியாசம் என்னன்னா, இந்த மரம் யோசிச்சது.

ஒரு பக்கம் குழி விழுந்த ரப்பர் பந்துக்குள்ள காற்று போனா குழி எப்படி வெளியே வருதுன்னு அவர் கவனிச்சதா சொல்வாங்க. முதுகு ஒரு பக்கம் புடைச்சா இன்னொரு பக்கம் குழி இருக்கும். எல்லாரும் புடைப்பை அழுத்துறாங்களே, குழியை உள்ளேருந்து மூச்சால நிரப்பினா? கண்ணாடிகளுக்கு நடுவுல நின்னு தன் முதுகைத் தானே பார்த்துப் பார்த்து, குழிஞ்ச பக்க விலாவுக்குள்ள மூச்சைச் செலுத்தவும், அந்த நிலையிலேயே தசைகளை இறுக்கி நிற்கவும் பழகினார். 1921-ல மைசன் நகரத்துல, வீட்டோட சேர்ந்த ஒரு சின்ன சிகிச்சை நிலையம் ஆரம்பிச்சார். அவர் மருத்துவர் இல்லை. அதனால எதிர்ப்பும் நிறைய.

அங்கே வந்தவங்கள்ல இளம்பெண்கள் நிறைய பேர். வாரக்கணக்கா, சிலர் மாதக்கணக்கா தங்கிப் பயிற்சி பண்ணினாங்க. பயிற்சியாளர் கை வைப்பாங்க, ஆனா நிமிர்த்த இல்லை. இங்கே தொடுறேன், இந்த இடத்துக்கு மூச்சு வரட்டும்னு காட்ட. கையோட வேலையே மாறிடுச்சு. போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியிலேருந்து மேற்குக்கு வந்து, 1961-ல சோபர்ன்ஹைம் ஊர்ல, பிசியோதெரபிஸ்டான மகள் கிறிஸ்டாவோட சேர்ந்து பெரிய நிலையம் தொடங்கினார். 1985-ல இறந்தார். இன்னைக்கு உலகம் முழுக்க ‘ஷ்ரோத் முறை’ன்னு சொல்றது இதைத்தான்.

எல்லாத்துக்கும் ஒரே காரணமா?

இனி கதை 1940-களுக்கு வருது. இந்தப் பத்து வருஷத்துல ரெண்டு திருப்பம்.

ஒண்ணு, 1941-ல அமெரிக்க எலும்பு மருத்துவச் சங்கத்தோட ஒரு குழு, 425 ஸ்கோலியோசிஸ் நோயாளிகளோட பதிவுகளை ஆராய்ந்தது. அறுவை இல்லாம உடற்பயிற்சி, பிரேஸ்னு போனவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வளைவு கூடியிருந்தது. அதோட அமெரிக்காவுல பயிற்சி மேல நம்பிக்கை போயிடுச்சு. பின்னாடி ஹூஸ்டன்ல பால் ஹாரிங்டன் முதுகுக்குள்ளயே உலோகக் கம்பி வச்சு நிமிர்த்துற அறுவையை உருவாக்கி 1962-ல வெளியிட்டார். ஆண்ட்ரியோட கம்பு இப்போ உடம்புக்குள்ள போயிடுச்சு.

ரெண்டாவது திருப்பம்தான் நம்ம ரீல்ஸோட தாத்தா. 1943-ல ஹார்வி பில்லிக் என்கிற அமெரிக்க மருத்துவர், மாதவிடாய் வலி என்பதே உடல் நிற்கும் விதத்துல உள்ள கோளாறோட விளைவுன்னு ஒரு கட்டுரை எழுதினார். இடுப்பைச் சுத்தி இருக்கிற இணைப்புத் திசுக்கள் சுருங்கி நரம்புகளை நெருக்குது, அதை இழுத்துத் தளர்த்தினா வலி போகும் என்பது விளக்கம். சுவர்ப் பக்கமா நின்னு, முன்கையைச் சுவர்ல ஊன்றி, இடுப்பைச் சுவரை நோக்கித் தள்ளுற ஒரு பயிற்சியும் கொடுத்தார்.

முதுகு, இடுப்பு, பீரியட்ஸ், மூணையும் ஒரே கயிறுல கட்டின விளக்கம். கேட்டதும் மனசுக்குப் பிடிச்சுப்போற மாதிரி இருக்கும். நம்ம வேலையிலயும் இது நடக்கும்: ரெண்டு பக் ஒரே நேரத்துல வந்தா, ரெண்டுக்கும் ஒரே காரணம்னு மனசு உடனே முடிவு கட்டிடும். சில நேரம் அது உண்மை. பல நேரம் ரெண்டும் ஒரே நாள்ல வெளியே தெரிஞ்சது மட்டும்தான்.

கெமிஸ்ட்ரி வந்தது, சோதனையும் வந்தது

1957-ல இங்கிலாந்தோட ஷெஃபீல்டுல வி. ஆர். பிக்கிள்ஸ், மாதவிடாய் ரத்தத்துலயே தசையைச் சுருங்கவைக்கிற ஒரு பொருள் இருக்கிறதைக் கண்டார். பின்னாடி அது புரோஸ்டாகிளாண்டின்னு தெரிஞ்சது. கர்ப்பப்பை இதுனால இறுகச் சுருங்குது, ரத்த ஓட்டம் குறையுது, வலிக்குது. 1971-ல ஜான் வேன், ஆஸ்பிரின் மாதிரி மருந்துகள் இந்தப் பொருளோட உற்பத்தியையே தடுக்குதுன்னு காட்டினார். அவருக்கு 1982-ல நோபல் பரிசு கிடைச்சது. நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்ல தோழிகள் வாங்குற மெஃப்டால்-ஸ்பாஸ்ல இருக்கிற மெஃபெனமிக் ஆசிடும் இந்தக் குடும்பம்தான்.

அப்போ பீரியட்ஸ்போது முதுகு ஏன் வலிக்குது? கர்ப்பப்பையிலேருந்து வர்ற வலி நரம்புகள், கீழ்முதுகிலேருந்து வர்ற நரம்புகள் தண்டுவடத்துல சேருற அதே மட்டத்துலதான் சேருது. செய்தி எங்கேருந்து வந்ததுன்னு மூளைக்குக் குழப்பம். வலியோட ஊற்று வயிற்றுல, ஆனா முதுகுலயும் தெரியுது. அந்த இடத்துல ஒரு நல்ல கை அழுத்தி விட்டாலோ, வெந்நீர்ப் பை வச்சாலோ இதமா இருக்கிறது கற்பனை இல்லை. 2001-ல வந்த ஒரு ஆய்வுல, வயிற்றுல ஒட்டிக்கிற சூடான பட்டி, இபுப்ரொஃபென் மாத்திரைக்கு ஈடா வேலை செஞ்சது.

சரி, அந்த ‘டக்’ அழுத்து? 1999-ல 138 பெண்களை வச்சு அமெரிக்காவுல ஒரு சோதனை வெளியானது. ஒரு குழுவுக்கு நிஜ முதுகெலும்பு அழுத்தம், இன்னொரு குழுவுக்கு அதே மாதிரி தெரியுற மெதுவான போலி அழுத்தம். ரெண்டு குழுவுக்கும் நடுவுல குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வலியிலயும் இல்லை, ரத்தத்துல அளந்த புரோஸ்டாகிளாண்டின் அளவுலயும் இல்லை. ஆனா உடற்பயிற்சிக்கு வேற பதில் வந்தது. 2019-ல பல ஆய்வுகளை ஒண்ணா அலசின காக்ரேன் அறிக்கை, வாரம் மூணு தடவையாவது, ஒவ்வொரு தடவையும் முக்கால் மணியிலேருந்து ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்றது வலியை நல்லாவே குறைக்கலாம்னு சொல்லுது. ஆதாரங்களோட தரம் இன்னும் உயரணும்னும் சேர்த்தே சொல்லுது. மோஷர் கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்.

ஸ்கோலியோசிஸுக்கும் சோதனைகள் வந்தது. 2013-ல அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்தின பெரிய ஆய்வுல, பிரேஸ் போட்டவங்கள்ல 72 சதவீதம் பேருக்கு வளைவு அறுவை எல்லையான 50 டிகிரியைத் தொடலை. வெறுமனே கண்காணிப்புல இருந்தவங்கள்ல அது 48 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவா இருந்ததால ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினாங்க. தினம் எத்தனை மணி நேரம் போட்டாங்களோ அதுக்கேத்த பலன் இருந்தது. ஷ்ரோத் பயிற்சியையும் கனடாவுல 50 இளையோரை வச்சுச் சோதிச்சாங்க. ஆறு மாதத்துல, பயிற்சி செய்யாதவங்களை விட சராசரியா 3.5 டிகிரி நல்ல பலன். சின்ன எண்தான், எக்ஸ்ரேல கோணம் அளக்கும்போது வர்ற பிழையே 5 டிகிரி வரை போகும். ஆனா வழக்கமான சிகிச்சையோட சேர்த்துச் செய்றப்போ உதவுது. அதே மாதிரி உறுதியான ஆதாரம், வெறும் கையால நெட்டி எடுத்து வளைவை நிமிர்த்துறதுக்குக் கிடையாது.

நிஜமான இணைப்பு

ஆரம்பத்துல விட்டுட்டுப் போன கேள்விக்கு வருவோம். முதுகு வளைவுக்கும் பீரியட்ஸுக்கும் சம்பந்தமே இல்லையா?

இருக்கு. ஆனா அது இடுப்பு எலும்புல இல்லை, காலண்டர்ல இருக்கு.

ஸ்கோலியோசிஸ் வளைவு வேகமா கூடுறது, பிள்ளை வேகமா உயரம் ஏறுற காலத்துல. பெண் குழந்தைகளுக்கு அந்த வேகம் உச்சத்துல இருக்கிறது, வயசுக்கு வர்றதுக்குச் சில மாதங்கள் முன்னாடி. முதல் பீரியட்ஸ் வந்த பிறகு வளர்ச்சி மெல்ல அடங்கும். அதனாலதான் முதுகைக் காட்டப் போற இடத்துல டாக்டர் அம்மாகிட்ட, பாப்பா எப்போ வயசுக்கு வந்தான்னு கேட்கிறார். பிரேஸ் ஆய்வுகளுக்கான சர்வதேச விதிமுறைகளே, பெண் குழந்தைன்னா இன்னும் வயசுக்கு வராதவங்க அல்லது வந்து ஒரு வருஷம் ஆகாதவங்கன்னு வரையறுக்குது. பிரேஸ் நல்லா வேலை செய்ற காலம் அவ்வளவு குறுகலானது.

பயமே இங்கேதான். 12 வயசுல முதுகு கோணலாத் தெரிஞ்ச பொண்ணை, நேராக்குறேன்னு சொல்ற ஒருத்தர்கிட்ட ஒரு வருஷம் கூட்டிட்டுப் போனா, பணம் மட்டும் போகலை. பிரேஸ் போட்டிருக்க வேண்டிய அந்த வருஷமே போகுது. அது திரும்பி வராது. பீரியட்ஸ் வலிக்கும் இதே கதைதான். ‘முதுகு கோணல், அதான் வலிக்குது’ன்னு ஒரு வரியில முடிச்சுட்டா, எண்டோமெட்ரியோசிஸ் மாதிரி நிஜமான நோய் பல வருஷம் கண்டுபிடிக்கப்படாமலே போகும். மாத்திரைக்கும் அடங்காத வலி, மாசத்துக்கு மாசம் கூடுற வலி, பள்ளி, ஆபீஸ் போகவிடாத வலி, மலம் கழிக்கும்போது வர்ற வலி, இதுல எது இருந்தாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கணும். எல்லாருக்கும் இப்படித்தான் என்கிற பதிலோட வீட்டுக்கு வரக் கூடாது.

அப்போ கையால செய்ற சிகிச்சையே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லலை. வளைவு இருக்கிற முதுகுல ஒரு பக்கத் தசை எப்பவும் கூடுதலா உழைக்கும், இறுகும், வலிக்கும். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கை அதைத் தளர்த்தும். மூச்சை எங்கே செலுத்தணும்னு காட்டும். வலிக்கிற ஆளுக்கு இன்னொருத்தர் பொறுமையா கை வச்சுக் கவனிக்கிறதே ஒரு ஆறுதல். இதெல்லாம் நிஜமான பலன்கள். சொன்னதைச் செய்ற கை. ஆனா எலும்பை நேராக்குறேன், அதோட கர்ப்பப்பை வலியையும் நிறுத்துறேன்னு சேர்த்துச் சொன்னா, நீங்க கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே எங்கே, எத்தனை டிகிரி?

ஏணியில தொங்கவிட்டதைப் பார்த்த கிரேக்க வைத்தியர் கேட்டதும் அதேதான். கூட்டம் கை தட்டினதை விடுங்க, முதுகு நேராச்சா?

இந்த எபிசோடை, வீட்டுல 10, 11 வயசுப் பெண் பிள்ளை இருக்கிற அக்காவுக்கோ அண்ணிக்கோ அனுப்புங்க. அந்தக் குனிந்து பார்க்கும் சோதனைக்கு அரை நிமிஷம் போதும். அடுத்த வாரம் வேற ஒரு வரலாற்றோட சந்திப்போம்.